கேங்மேட்டுக்கு வண்டி நிற்காது

அத்தையின் வீட்டை நான் முதலில் பார்த்தது ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியாக. தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார் போல, குடையை மேலே தூக்கி ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன். வண்டி நிற்கவில்லை.

முதல் நாள் போனில் அவர் சொன்னது வேறு. "நம்ம ஊருகிட்ட மெதுவாதாம்மா போவும். டக்குனு எறங்கிடலாம்." அத்தை கடைசியாக ரயிலில் போய்ப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். கடலூரில் டிக்கெட் கொடுத்தவரிடம் கேங்மேடு என்று கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "அப்டி ஒரு ஸ்டேஷனே இல்லம்மா. புதுச்சத்திரம் குடுக்கவா, பரங்கிப்பேட்டை குடுக்கவா?" என்றார் அவர். பரங்கிப்பேட்டை என்றேன். அங்கே வண்டி நின்றது; என் பெட்டிக்கு முன்னால் மூன்று மீன் கூடைகளும் அவற்றின் சொந்தக்காரரும் இருந்தார்கள். அவர் இறங்கினார், கூடைகள் இறங்கின, வண்டி கிளம்பிவிட்டது. நான் சிதம்பரத்தில் இறங்கினேன்.

நான் கிள்ளானிலிருந்து வந்திருந்தேன். மலேசியாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். அப்பா இளவயதில் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே கூடப்பிறந்தவர் தனகோடி அத்தை. "ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்று அப்பா ஒரே முறைதான் சொன்னார். அதிகம் பேசாதவர் ஒரு முறை சொன்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அத்தை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். போலீஸ் விசாரணையில் அது நின்றுபோனது. காரணம் என்று ஒரு வரி வந்தது: குறிப்பிட்ட முகவரியில் அப்படி ஓர் ஊர் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் இரண்டு வாரம் லீவு போட்டு வந்திருந்தேன்.

சிதம்பரம் ஸ்டேஷனுக்கு என்னை அழைத்துப் போக செல்வம் வந்தார். அத்தைக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். "கைய காட்டிட்டு அப்டியே போய்ட்டீங்களாம்க்கா. அத்தைக்கு ரொம்ப சங்கடமா இருக்கு" என்றார். சங்கடம் எனக்கு இல்லையா என்று கேட்க நினைத்தேன்.

சாலையிலிருந்து கேங்மேட்டுக்குப் போக முன்பு ஒரு ரயில்வே கேட் இருந்ததாம். கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். அதில் முந்தின வாரம் பெய்த மழை அப்படியே நின்றது. தண்ணீரின் மேல் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. செல்வம் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே ஏறினார். "இது எப்பவும் இப்டித்தான்க்கா. வெயில் காலத்துல மட்டும் சப்வேல போவோம்."

சக்கரம் வைத்த பெட்டி வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கியவள் நான்.

அத்தை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா இப்டி வெள்ளையா இருக்க? வெயில்ல போவமாட்டியா?" என்றார். அதுதான் வரவேற்பு. பிறகு இறால் தொக்கும் சோறும் போட்டார். அந்தத் தொக்கின் முன்னால் அன்றைக்குப் பட்டதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்தது உண்மை. சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு வண்டிகள் போயின. ஒவ்வொரு முறையும் தட்டு நகர்ந்தது. அத்தை கவனிக்கவே இல்லை.

கேங்மேடு முப்பது வீடு. தண்டவாளம் போட்ட காலத்தில் கரையை உயர்த்த இரண்டு பக்கமும் மண் வெட்டினார்களாம். வெட்டாமல் விட்ட ஒரு மேட்டில் கூலியாட்கள் குடிசை போட்டார்கள். பாதை போட்டு முடிந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கேங் தேவைப்பட்டது. அந்த ஆட்கள் அங்கேயே தங்கினார்கள். ஒருவர் விழுப்புரம் பக்கம், ஒருவர் விருத்தாசலம் பக்கம், ஒருவர் எங்கிருந்து என்று அவருக்கே தெரியாது. மேட்டில் கேங் இருந்ததால் கேங்மேடு என்பது செல்வத்தின் விளக்கம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கேங்குக்குத் தலைவனை மேட் என்பார்களாம். அத்தையின் அப்பாதான், அதாவது என் தாத்தாதான், மேட்டாக இருந்தவர். ஊர்ப் பெயரே அவரால் வந்தது என்றார். இரண்டு பேரும் எனக்காக ஒரு மணி நேரம் இதைச் சண்டை போட்டார்கள்.

அந்தக் காலத்து பாசஞ்சர் வண்டி கேங்குக்குக் குடிதண்ணீர் இறக்க அரை நிமிஷம் அங்கே நிற்குமாம். அட்டவணையில் கிடையாது. ஆனால் நிற்கும். அதில்தான் ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். பாதையை அகலமாக்கி பிராட் கேஜ் வந்ததும் கேங் போனது, தண்ணீர் போனது, அரை நிமிஷமும் போனது. ஊர் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் அகரவெளி கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனோம். கேங்மேட்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவது அகரவெளியில். அத்தை கேங்மேட்டில் வசிக்கிறார் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். வி.ஏ.ஓ. ஓர் இளம் பெண். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு வரைபடத்தை விரித்தார்.

"பாருங்கம்மா. எங்க வில்லேஜ் இந்த வாய்க்காலோட முடிஞ்சிடுது. உங்க அத்தை வீடு வாய்க்காலுக்கு அந்தாண்ட. நான் எப்டி கையெழுத்துப் போடுவேன்?"

"ஓட்டு இங்கதானே போடறாங்க?"

"ஓட்டு வேற, நெலம் வேறம்மா. நல்லான்குப்பத்துல கேளுங்க. ரேஷன் அங்கதான் வாங்குறாங்க."

மூன்றாம் நாள் நல்லான்குப்பம். அங்கே வி.ஏ.ஓ. இல்லை. இரண்டு கிராமத்துக்கு ஒரே ஆள், இன்றைக்கு மற்ற ஊரில் இருப்பார் என்றார்கள். அந்த ஊருக்குப் போனோம். இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். புவனகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் அவரைப் பிடித்தோம். செல்வத்துக்கு அவரைத் தெரியும். வடையைக் கையில் வைத்துக்கொண்டே போனில் வரைபடத்தைக் காட்டினார். நல்லான்குப்பம் தண்டவாளத்தோடு முடிகிறது.

ஒன்று வாய்க்காலோடு முடிகிறது, இன்னொன்று தண்டவாளத்தோடு முடிகிறது. நடுவில் உள்ள அந்தத் துண்டில்தான் அத்தை அறுபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார், சமைக்கிறார், துணி துவைக்கிறார், காய வைக்கிறார்.

"அப்ப நடுவுல இருக்கற எடம் யாருது சார்?"

"ரயில்வேதும்மா. அவுங்களத்தான் கேக்கணும்" என்று வடையை முடித்தார்.

கோபத்தில் நானும் இரண்டு வடை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. கிள்ளானில் எங்கள் அலுவலகத்தில் வருகிறவர்களை இப்படி அலைய விடமாட்டோம் என்று செல்வத்திடம் சொன்னேன். சொன்ன பிறகு வாய் கசந்தது. போன மாதம்தான் ஒரு மலாய்க் கிழவரை, இந்தத் தாள் போதாது, கம்பத்துத் தலைவரிடம், அதாவது கிராமத் தலைவரிடம், கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவைத்திருந்தேன். அவர் எத்தனை பஸ் மாறி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் பாதையைப் பராமரிக்கும் பொறியாளரைப் பார்க்கப் போனோம். வடக்கத்திக்காரர், சின்ன வயது. நாங்கள் பேசியதை அவருடைய உதவியாளர் இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி ஓரளவு புரியும், கிள்ளானில் டிவி உபயம். "நிலம் நம்முடையதுதான். ஆனால் மனிதர்கள் நம்முடையவர்கள் இல்லை. இதை நான் எப்படி எழுதிக் கொடுப்பது?" என்று அவர் உதவியாளரிடம் கேட்டார். உதவியாளர் தமிழில் எங்களிடம், "சார் முடியாதுங்கறாரு" என்றார். மொழிபெயர்ப்பு சுருக்கமாக இருந்தது.

சிதம்பரத்தில் கீழ சன்னதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். ரயில் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது என்று சொன்னதில் அத்தைக்கு வருத்தம். "உங்க அப்பா அந்த சத்தத்துலதான் பொறந்தாரு" என்றார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் எதுவும் இல்லை. காலையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், கோயில் வீதியிலேயே வீடு, "எந்த ஊரு?" என்று கேட்டார். மலேசியா என்றேன். "இல்ல, பூர்வீகம்." கேங்மேடு என்றேன். "அது எங்க இருக்கு?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அந்த வாரத்தில் ஆறாவது முறை கேட்டேன்.

மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனேன். அரிசி டின்னுக்கு அடியில் ஏதாவது பழைய தாள், தபால், எதுவாக இருந்தாலும் எடுங்கள் என்றேன். பென்ஷன் புத்தகத்தில் நல்லான்குப்பம் போஸ்ட். கரண்ட் பில்லில் ரயில்வே கேட் அருகில் என்று மட்டும். கேட்டே இப்போது இல்லை. கடைசியாக அத்தை நான்காக மடித்த ஒரு தாளைத் தயங்கித் தயங்கி எடுத்தார்.

அது ஒரு நோட்டீஸ். ரயில்வே நிலத்தின் எல்லையை அளக்கப்போகிறார்கள். அதில் குடியிருப்பவர்கள் தங்கள் ஆவணங்களுடன் விசாரணைக்கு வர வேண்டும். கீழே பெயர், அட்சரம் பிசகாமல்: தனகோடி, கணவர் பெயர் காளியப்பன், கேங்மேடு. கதவு எண்கூட இருந்தது. அந்த எண் அத்தைக்கே தெரியாது.

"இத ஏன் மொதல்லயே காட்டல?" என்று கத்தினேன். ஐந்து நாள் அலைந்த ஆத்திரம் எல்லாம் அதில் வந்தது.

வாசலில் நின்ற செல்வம்தான் பதில் சொன்னார். நோட்டீஸை எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்களாம். யாரும் வாங்கவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. வாங்கினால் ரயில்வே நிலத்தில் இருக்கிறோம் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும் என்று ஊரே கூடிப் பேசி, எல்லா நோட்டீஸையும் கிழித்துப் போட்டார்கள். அத்தை மட்டும் கிழிக்காமல் மடித்து வைத்திருக்கிறார்.

"எங்களுக்கு வரவே இல்லன்னு சொல்லலாம்னு இருக்கோம்க்கா. நீங்க இத போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் நீட்டுனா? அத்தைக்கு வந்திருக்குன்னா எல்லாத்துக்கும் வந்திருக்குன்னுதான் அர்த்தம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அங்கே ஒருவர் மெஷினில் படுத்திருக்கிறார், இவர்கள் தாளைக் கிழித்து விளையாடுகிறார்கள் என்று. ஆனால் செல்வத்தின் இரண்டு பெண்களும் அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, பட்டாவோடு. "வேணாம் அத்தை. வேற ஏதாவது பாக்கலாம்" என்றேன். வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தை தாளை மறுபடியும் நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செல்வம், நாம இங்க இல்லன்னு சொல்லி எத்தன நாளு ஓட்டுவோம்? சான்றிதழ் கேட்டா, ஊரே இல்லங்கறான். காலி பண்ணச் சொல்லணும்னா மட்டும் வூட்டு நம்பரோட எழுதறான். எழுதிட்டான்ல. அத வச்சி நானும் இருக்கேன்னு சொல்றேன். இருக்கேன்னு சொல்றதுக்கு எனக்கு பயம் கெடயாது."

"உனக்கு என்னா, நீ ஏரோப்ளான் ஏறிப் போய்டுவ" என்றார் செல்வம். அவர் அத்தையை ஒருமையில் பேசி அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர்தான் எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை.

ஏட்டு பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். அவர்தான் விசாரிக்கப் போனவர். "நான் பொய் எழுதலம்மா. அகரவெளியில தனகோடின்னு கேட்டேன், யாருக்கும் தெரியல. கேங்மேடுன்னா அது ஊரு இல்ல, லயின்காரங்க எடம்னாங்க." நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். "இதுல எல்லாம் தெளிவா இருக்கே. இது போதும். மறுபடியும் விசாரணைக்குப் போட்டுக் குடுங்க, நானே நேர்ல வர்றேன். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போடணும். இவுங்க இங்கதான் இருக்காங்கன்னு."

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர். அந்த ஊரில் அந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போட ஒருவரும் தயாராக இல்லை.

ஆன்லைனில் மனுவைத் திரும்பப் போட்டு, அது நகர்ந்து, ஏட்டு வந்தது என் லீவின் பன்னிரண்டாம் நாள். மோட்டார் சைக்கிளை சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கி, பாதியில் எஞ்சின் அணைந்து, தள்ளிக்கொண்டு வந்தார். பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. முதல் முறை அவர் ஏன் அகரவெளியோடு திரும்பினார் என்று அப்போது புரிந்தது.

அத்தை வீடு வீடாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஒருவருக்குக் கை வலி. ஒருவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் ரேஷன் கடையில் போட்டதை நானே பார்த்திருந்தேன். ஒரு பெண், "மாமா வரட்டும்" என்று கதவைச் சாத்தினார். ஏட்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார். பதினொன்றாவது வீட்டில் அத்தை நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

செல்வம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் போட்டுவிட்டு வந்தார்.

"நான் போடறேன். ஆனா ஒண்ணு. ரயில்வே விசாரணைக்கு நீ வரணும். அண்ணன் வூட்ல இருந்துட்டேன்னு சொல்லக்கூடாது. மொத ஆளா நீதான் நிக்கணும்."

"வர்றேன்."

"தேதி ஞாபகம் இருக்கா?"

அத்தை தேதியைச் சொன்னார். செல்வம் கையெழுத்துப் போட்டார். தன் மனைவியைக் கூப்பிட்டு அவரையும் போடச் சொன்னார். அவர் போட்டுவிட்டு, "எனக்கு பயமா இருக்குங்க" என்று என்னிடம் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் கிள்ளானுக்குத் திரும்பிய சில வாரங்களில் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரர் அதை முதலில் அகரவெளிக்குக் கொண்டுபோனாராம். நான் இனிமேல் எதற்கும் ஆச்சரியப்படுவதாக இல்லை. கடைசிப் பக்கத்தில் முகவரி அச்சாகியிருந்தது: கேங்மேடு. அந்தப் பக்கத்தை ஊரில் எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டதாகச் செல்வம் போனில் சொன்னார். கதவைச் சாத்திய பெண்கூட.

அத்தை பதினெட்டு நாள் எங்களோடு இருந்தார். வந்த அன்றே அப்பாவுக்கு டயாலிசிஸ். விமான நிலையத்திலிருந்து நேராக அங்கேதான் அழைத்துப் போனேன். அப்பா மெஷினோடு படுத்திருந்தார், கண் மூடியிருந்தது. அத்தை குழாய் செருகாத கையைத் தொட்டார். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எத்தன மணி வண்டில வந்த?"

"ஏரோப்ளான்ல வந்தேண்ணே."

"தெரியும். மெட்ராசுக்கு எந்த வண்டி புடிச்ச?"

அத்தை வண்டியின் பெயரையும் நேரத்தையும் சொன்னார். அது எவ்வளவு லேட் என்றும் சொன்னார். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு இருவரும் அழுதார்கள். நர்ஸ் வந்து இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அத்தையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

இன்னும் பத்து நாள் இருங்கள் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். டிக்கெட்டை மாற்றுகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "போவட்டும். சொல்லிட்டு வந்திருக்கா" என்றார் அப்பா. விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை போய்விட்டார்.

விசாரணை முடிந்த மாலை செல்வத்தின் போனிலிருந்து பேசினார். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதருகே வைத்தேன். நாலு மணி நேரம் நிற்க வைத்தார்களாம், ஒரு வாய் தண்ணீர் இல்லையாம், ஃபேன் அதிகாரி பக்கம் மட்டும் திரும்பியிருந்ததாம். அளந்து முடிக்கும்வரை யாரையும் காலி செய்யச் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அளப்பது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒன்ன மொதல்ல கூப்ட்டாங்களா?" என்றார் அப்பா.

"நானே போய் நின்னேன். எனக்குப் பின்னால முப்பது வூடும் நின்னுச்சுண்ணே. ஒருத்தரும் பாக்கி இல்ல."

அப்பா இன்னொரு முறை அதைச் சொல்லச் சொன்னார்.